பாலேஸ்வரி என்று சொல்லத் தெரிந்தவர்

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
18 ஜனவரி 2025

அன்புள்ள துர்க்கா அக்காவுக்கு,

பரல் பீப்பாயைத் திறந்ததும் மேலே இந்தக் கடிதம்தான் இருக்கும். இதை வாசித்து முடித்த பிறகுதான் முறுக்குப் பையில் கை வைக்க வேண்டும். எனக்குத் தெரியும், நீங்கள் முறுக்கோடுதான் தொடங்கியிருப்பீர்கள்.

நான் இப்போது ஒட்லி அங்கிளின் கடையில் முழுநேரமாக நிற்கிறேன். பெரியம்மா சொல்லியிருப்பா. இங்கே இருக்கிற கரீபியன் சனம் தங்கள் தீவில் உள்ள உறவுகளுக்கு அரிசி, சவர்க்காரம், சப்பாத்து என்று எல்லாவற்றையும் நீலப் பரல்களில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அடைப்பது என் வேலை. பாரமானவை கீழே, உடையக்கூடியவை நடுவில், கடிதம் எப்போதும் மூடிக்குக் கீழே. இந்த வேலைக்குக் கதைக்கத் தேவையில்லை. பதினோராம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசச் சொன்ன நாளில் நான் கழிப்பறைக்குள் போய் இருந்தேனே, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஒட்லி அங்கிளுக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை. "நீ ஒரு சொல்லுச் சொன்னால் என்ர பரல் மூடியெல்லாம் பறந்திடுமோ?" என்று தன் ஆங்கிலத்தில் பகிடி பண்ணுவார். அவர் நீங்கள் படிக்கிற சென்ற் அமோரித் தீவுக்காரர். கடையில் நாள் முழுதும் அந்தத் தீவின் வானொலிதான்.

போன புதன்கிழமை மிஸ் வெர்னா பாராளுமன்றத்தில் பேசியதை முழுதாகக் கேட்டேன். பிரதமர் வெர்னா கடோகன் என்று அறிவிப்பாளர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறாம் மாடியில் எங்கள் பக்கத்துக் கதவில் பதினொரு வருடம் இருந்தவர். அம்மாவோடு அதே முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தவர். அங்கே யூனியன் கூட்டத்துக்குப் போகிறதற்கு முதல் எங்கள் குசினியில் வந்து நின்று பேசிப் பழகுவார். அம்மாவுக்குப் பாதி ஆங்கிலம்தான் விளங்கும். பேச்சு நீண்டால் அகப்பைக் காம்பைத் தூக்கிக் காட்டுவா. மிஸ் வெர்னா உடனே நிறுத்தி, இடியப்பத்தை எடுத்துச் சாப்பிடுவார். நான் மேசைக்குக் கீழே இருந்து கேட்பேன்.

வேலையிடத்தில் எல்லோரும் அம்மாவை "பாலி" என்று கூப்பிட்டார்களாம். மிஸ் வெர்னாதான் ஒரு நாள் சாப்பாட்டு அறையில் எழும்பி நின்று, நாலு தரம் கை தட்டி, பா, லேஸ், வ, ரி என்று முழுப் பெயரையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர். இப்போது அவருடைய தேர்தல் வாசகமே அதுதான்: உங்கள் பெயர் எனக்குத் தெரியும். முதல் தேர்தலில் தோற்றார். அடுத்ததற்கு வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் வென்றார் என்று ஒட்லி அங்கிள் சொல்வார். அந்த வாசகம் எங்கள் அம்மாவில் தொடங்கியது என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நாங்கள் சிற்றிசன், கனடாப் பிரஜாவுரிமை, எடுத்த நாளின் படம் இருக்கிறதே, ஞாபகமா? அம்மாவும் மிஸ் வெர்னாவும் ஒரே நாளில் சத்தியம் செய்தார்கள். இரண்டு பேர் கையிலும் கடதாசிக் கொடி. அவருடைய பாவாடைக்குப் பின்னால் என் கை மட்டும் தெரியும். அம்மா கண்ணை மூடின பிறகு அதற்கும் சேர்த்துத்தான் விளக்குக் காட்டுகிறேன்.

மிஸ் வெர்னா சொல்லித்தானே உங்களுக்கு அங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவரைக் கண்டால் லக்ஸ் சுகம் கேட்டாள் என்று சொல்லுங்கள். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

உங்கள் தங்கை
லக்ஷி

*

சென்ற் அமோரி
17 பெப்ரவரி 2025

அன்பான லக்ஷிக்கு,

முறுக்கைத்தான் முதலில் எடுத்தேன். மன்னித்துக்கொள். பாதியை நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மிஸ்ரர் பாஸ்கம் சாப்பிட்டுவிட்டார். எதிர்க்கட்சியின் செயலாளர், அரசியல் கதைத்தால் நிறுத்தமாட்டார். ஆனால் நல்ல மனிதர். எனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி இன்னும் கிடைக்கவில்லை. பட்டியலில் என் பெயர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. இந்த வருடம் கிடைக்காவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண். என் அம்மாவுக்கு இதைச் சொல்லாதே.

நீ எழுதிய அந்தப் படத்தைப் பற்றி யோசித்தேன். ஏப்ரலில் இங்கே சுதந்திர தினம். மாணவர்கள் பிரதமரைச் சந்திக்கப் போகிறோம். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு சந்தோசப்படுவா! நல்ல தெளிவான பிரதி ஒன்று எடுத்து அடுத்த பரலில் வை. படத்தின் பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் பிரதி எடு. திகதி தெரிய வேண்டும்.

நீ எழுதும் தமிழ் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. துறைமுகத்தில் பரலைத் திறந்து பார்க்கிறவர்களுக்கும் ஒரு சொல் விளங்காது. இப்படியே எழுது.

அன்புடன்
அக்கா துர்க்கா

*

ரெக்ஸ்டேல்
1 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்றே படத்தைக் கழற்றினேன். அம்மா ஆணி அடித்த பிறகு அது சுவரை விட்டு இறங்கியதில்லை. கடையில் இருக்கும் மெசினில் கலர்ப் பிரதி எடுத்தேன். முதல் மூன்றும் மங்கல், நாலாவதுதான் சரி வந்தது. பின்பக்கத்தில் மிஸ் வெர்னாவின் கையெழுத்து இருக்கிறது. "பக்கத்துக் கதவில் இருக்கும் என் சகோதரி பாலேஸ்வரிக்கு. இன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் இந்த நாட்டுக்குச் சொந்தம். வெர்னா கடோகன், ஏப்ரல் 2014." பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். அம்மாவின் சம்பளத் துண்டில்கூட அது சரியாக இருந்ததில்லை.

இரண்டு பிரதியும் கடினமான மட்டைக்கு நடுவில் இருக்கிறது. வாழ்த்து அட்டை ஒன்று நானே செய்து வைத்திருக்கிறேன். பூ கொஞ்சம் கோணல். அவர் படத்தைப் பார்க்கும்போது முகம் எப்படி இருந்தது என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள். நான் அங்கே நின்று பார்த்தமாதிரி இருக்க வேண்டும்.

பயிற்சி கிடைக்கப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தங்கை
லக்ஷி

*

ரெக்ஸ்டேல்
26 ஏப்ரல் 2025

துர்க்கா அக்கா,

ஒட்லி அங்கிளின் மருமகள் நாளைக்குத் தீவுக்குப் பறக்கிறாள். அவளிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். பரலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கிழவிக்குப் பரல் அடைத்துக்கொண்டிருந்தேன். வானொலியில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பிரதமர் இன்னொரு நாட்டுக்குச் சத்தியம் செய்தவர், அப்படிச் செய்தவர் பாராளுமன்றத்தில் இருக்கக்கூடாது என்று தீவின் சட்டம் சொல்கிறது, வேட்புமனுவில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தங்களிடம் படம் இருக்கிறது என்றார். ஒட்லி அங்கிள் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து என்னிடம் காட்டினார். அம்மா. மிஸ் வெர்னா. கொடிகள். ஓரத்தில் என் கை. "ஆரோ கெட்டதுகள் செய்த வேலை" என்றார். அது என் கை என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு அந்தச் சட்டம் தெரியாது, அக்கா. எங்கள் வீட்டில் அந்த நாள் கோயில் திருவிழா மாதிரி. அம்மா கேசரி செய்து பதினாறாம் மாடி முழுக்கக் கொடுத்தா. சிற்றிசன் எடுத்தது குற்றம் என்று நினைக்க எங்களில் யாருக்குத் தோன்றும்? உங்களுக்குத் தெரியுமா? திகதி தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

மற்றது இன்னும் மோசம். வியாழக்கிழமை மிஸ் வெர்னா பதில் சொன்னார். அந்தப் படம் கம்பியூட்டரில் செய்தது என்றார். பக்கத்தில் நிற்கும் பெண் யார் என்று ஒரு நிருபர் கேட்டான். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒருநாளும் கண்டதில்லை" என்றார்.

நான் பரலின் மூடியைப் பூட்டினேன். கிழவியின் கண்ணாடிப் போத்தல்களைக் கீழே வைத்து அரிசி மூட்டையை மேலே வைத்திருக்கிறேன் என்று பிறகுதான் கண்டேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடைத்தேன்.

படம் எப்படி அவர்கள் கைக்குப் போனது என்று மட்டும் எழுதுங்கள்.

லக்ஷி

*

சென்ற் அமோரி
19 மே 2025

அன்பான லக்ஷி,

உனக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை. படத்தை மேசையில் வைத்திருந்தேன், மிஸ்ரர் பாஸ்கம் கண்டு எடுத்துவிட்டார் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

நான்தான் கொடுத்தேன். உன் முதல் கடிதத்தில் சிற்றிசன் படம் என்று கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. இங்கே வந்து மூன்று வருடம், இந்தச் சட்டம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தங்கள் கட்சி வந்தால் ஆஸ்பத்திரிப் பயிற்சி எனக்கு என்று அவர் சொன்னார். பொய் சொன்னது வெர்னா கடோகன்தான், நீயும் நானும் இல்லை. அவவால் எனக்கு இடம் கிடைத்தது உண்மை. ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை தரம் எழுதினேன், ஒரு பதில் வந்ததா?

இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள். பிரதி செல்லாதாம். கனடா அரசாங்கம் ஒருவருடைய பிரஜாவுரிமைக் கடதாசியை இன்னொருவருக்குக் கொடுக்காதாம். அசல் படம், பின்பக்கக் கையெழுத்தோடு, ஜூலைக்கு முதல் வேண்டும். அது மட்டும் வந்தால் போதும். சித்தியை, உன் அம்மாவையே, தெரியாது என்று சொன்னவவுக்காக நீ ஏன் யோசிக்கிறாய்? சித்திக்காகவாவது அனுப்பு.

அக்கா துர்க்கா

*

ரெக்ஸ்டேல்
7 ஜூன் 2025

துர்க்கா அக்கா,

நீங்கள் கேட்ட மருந்து எண்ணெய், மா, சப்பாத்து எல்லாம் இந்தப் பரலில் இருக்கிறது. படம் இல்லை.

அது இதே கப்பலில்தான் வருகிறது, வேறு பரலில். பிரதமர் அலுவலகத்துக்கு ஒட்லி அங்கிளின் ஊர்ச் சங்கம் அனுப்பும் பள்ளிக் கொப்பிகளின் மேல், மூடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். மிஸ் வெர்னாவின் பெயர் எழுதி ஒட்டிய உறை. உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். "இது உங்களுடையது. வைத்திருப்பதோ எரிப்பதோ உங்கள் விருப்பம், ஆனால் அம்மாவைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். லக்ஸ்."

இரண்டு கிழமை யோசித்தேன். உங்களுக்கு அனுப்பினால் நான் தெரிந்தே செய்ததாகிவிடும். முதல் தரம் தெரியாமல் செய்தேன், அதையே சகிக்க முடியவில்லை. பயத்தில்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். அசல் கையில் இருந்தால் பயம் போய்விடும். பயம் போனால் உண்மையைச் சொல்வார். எங்கள் குசினியில் நின்று பேசியவரை எனக்குத் தெரியும்.

அப்பா பாரவூர்தி ஓட்டிவிட்டு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தார். விளக்குக் காட்டும்போது, "படம் எங்க?" என்று கேட்டார். கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அப்பாவுக்குச் சொன்ன முதல் பொய்.

லக்ஷி

*

சென்ற் அமோரி
2 ஓகஸ்ட் 2025

லக்ஷி,

வானொலியில் கேட்டிருப்பாய். அசல் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றப் படியில் நின்று வெர்னா என்ன சொன்னா தெரியுமா? அந்தப் பெண்ணும் இல்லை, அந்தப் படமும் இல்லை, எல்லாம் எதிரிகளின் கற்பனை என்றா. உன்னுடைய உறை அவவின் கையில் இருக்கும்போதுதான் அதைச் சொன்னா. ஆரைக் காப்பாற்றினாய் என்று இப்போதாவது விளங்கியதா?

பாஸ்கம் என்னை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். பயிற்சியும் இல்லை. டிசம்பரில் நான் திரும்பி வரவேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. நீ ஆரோடும் கதைக்காத பிள்ளை. என்ன நடந்தாலும் உன் வாயிலிருந்து ஒன்றும் வராது என்ற நம்பிக்கையில்தான் உன்னிடம் கேட்டேன். வேறு யாரிடமும் கேட்டிருக்கமாட்டேன்.

அவவின் கையெழுத்து உள்ள வேறு ஏதாவது வீட்டில் இருக்கிறதா? பள்ளிக்கூடப் படிவம், அப்பாட்மென்ற் கடதாசி, எதுவென்றாலும். மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தேடிப் பார். வழக்கமான சாமான் பட்டியலும் இதோடு இருக்கிறது.

துர்க்கா

*

ரெக்ஸ்டேல்
12 ஒக்ரோபர் 2025

துர்க்கா அக்காவுக்கு,

மிஸ் வெர்னா நேற்று ரெக்ஸ்டேலுக்கு வந்திருந்தார். புலம்பெயர்ந்த சென்ற் அமோரி மக்களைச் சந்திக்கிறாராம். எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருக்கும் மண்டபம். கட்டடத்துக்கு வரவில்லை. ஒட்லி அங்கிள் பானம் பரிமாற என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் நிரம்பி, சனம் சுவரோடு சாய்ந்து நின்றது.

அவர் அழகாகப் பேசினார். குசினியில் பேசின அதே குரல். நீண்டுகொண்டு போனபோது அகப்பைக் காம்பைத் தூக்க ஆளில்லையே என்று நினைத்தேன். கடைசியில் வழக்கம்போல, "உங்கள் பெயர் எனக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் மைக்குக்கு வரலாம், பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எனக்கு முன்னால் ஏழு பேர். பதினோராம் வகுப்பில் நடந்தது ஞாபகம் வந்தது. கழிப்பறை எங்கே என்று பார்த்தும் வைத்தேன். ஆனால் வரிசை நகர நகர நானும் நகர்ந்தேன்.

என் முறை வந்தது. மேடையில் மேசைக்குப் பின்னால் இருந்தபடி என்னைப் பார்த்தார். அக்கா, அவருக்கு என்னைத் தெரிந்தது. ஒரு கணம்தான், ஆனால் எனக்கு அந்த முகம் தெரியும், சின்னனில் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்ட ஆள். பிறகு சிரித்தார். எல்லோருக்கும் சிரிக்கிற சிரிப்பு.

"உன் பெயர் என்ன, பிள்ளை?"

"லக்ஷிகா. பாலேஸ்வரியின் மகள்."

மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. மண்டபத்தில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. பத்திரிகைகள் படத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் போட்டன, அவர்களுக்கு அது பெயரில்லாத ஒரு பெண்தானே. மிஸ் வெர்னா காதில் கை வைத்துக் குனிந்தார்.

"அழகான பெயர், கண்ணே. ஆனால் கஷ்டமான பெயர். என்ரை நாக்குக்கு வராது."

சனம் அன்பாகச் சிரித்தது. என்னைக் கேலி பண்ணிச் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி எல்லாம் போய்விட்டது. நான் மைக்குக்கு முன்னால் கையைத் தூக்கி நாலு தரம் தட்டினேன். பா. லேஸ். வ. ரி. மெதுவாக, வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் அவர் செய்தது மாதிரி. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நினைத்திருப்பார்கள்.

மேசை விளிம்பில் இருந்த அவருடைய வலது கை விரல்கள் நாலு தரம் அசைந்தன. பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டார். "அடுத்தவர்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது ஒட்லி அங்கிள் வானை ஓரமாக நிறுத்தினார். "அந்தப் படத்தில இருக்கிறது உன்ரை அம்மாவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். இன்று கடையில் வானொலி போடவில்லை.

இனி உங்களுக்கு.

நீங்கள் கேட்டது இருக்கிறது. நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது, அவசரமென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் மிஸ் வெர்னா தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்த படிவம். பிரஜாவுரிமை எந்த நாடு என்று அதில் கேட்டிருக்கிறார்கள். கனடா என்று எழுதியிருக்கிறார். அம்மாவின் சேலைகளுக்குக் கீழே கிடந்தது. தரமாட்டேன். அவரைக் காப்பாற்ற இல்லை, அந்த வேலை முடிந்துவிட்டது. அந்தத் தாளில் அம்மாவின் பெயரும் இருக்கிறது. இனி யாருக்கும் உதவுவதற்காக அம்மாவை வீட்டிலிருந்து வெளியே அனுப்பமாட்டேன்.

நான் கதைக்கமாட்டேன் என்று நீங்கள் நம்பினீர்கள். அவரும் அதைத்தான் நம்பியிருக்கிறார். அவர் என்னை ஏமாற்றியபோது எனக்கு அழுகை வந்தது. நீங்கள் எழுதிய அந்த வரியை வாசித்தபோது அழுகைகூட வரவில்லை. படத்தைப் பற்றி உங்களுக்கு எழுதினபோது நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் கேட்டீர்கள்.

உங்கள் பட்டியலில் இருந்த எல்லாம் இந்தப் பரலில் இருக்கிறது. பாரமானவை கீழே, உடையக்கூடியவை நடுவில். முறுக்கும் வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீங்கள் வந்தால் பெரியம்மா வீட்டில் கண்டுகொள்வோம். சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்வேன். இனிமேல் பரலுக்கு ஒட்லி அங்கிளிடம் நேரே சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் படம் தொங்கின ஆணியைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார்.

இப்படிக்கு
பாலேஸ்வரியின் மகள்
லக்ஷிகா